வாழைநாரில் கட்டிய குதிரைத் தடை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூர் வந்து இறங்கியபோது கையில் ஒரு அரிவாளும் ஒரு சுருள் தென்னங்கயிறும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் நிறுத்திய சங்கதிகளைக் கேளுங்கள்.

அக்ரஹாரத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மூன்று தெருவை மூடிய பந்தல், நான் போட்டது. மண்டி மொஹல்லாவில் ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்தில் கல்யாணக் கொட்டகை, ஓட்டுக்கூரை மேலாகவே கம்புகளைக் கைமாற்றிக் கொண்டுபோய் நான் போட்டது. மாதா கோயில் திருவிழா மேடை. முதல் நாள் அப்படி ஒரு மழை, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. படித்த இன்ஜினியர்கள் வந்து என் கட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் மாதையன் கட்டியது ஒன்றுகூட விழுந்ததில்லை.

பொய் சொல்லக் கூடாது. ஒன்று விழுந்தது. விழ வேண்டும் என்றே நான் கட்டியது அது. அந்தக் கதையை இந்த வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் அதன் பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் போலிருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

பெஞ்சில் மூன்று பேர்

ரேஸ் கோர்ஸுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அதன் வாசலில் ஒரு கால் கொஞ்சம் குட்டையான பெஞ்சு. அந்தக் காலுக்கு அடியில் செங்கல் துண்டு வைத்தது நான்தான்.

கொஞ்ச வருஷம் முன்பு ஒரு காலை நேரம். சாமுண்டி மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. தேவசகாயம் சார் தன் போனை மூன்று பேருக்கும் தெரிகிறாற்போலப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போனுக்குள் ஏதோ வெளிநாட்டில் குதிரைகள் ஓடின. சும்மா ஓடவில்லை, ஆள் உயர வேலிகளைத் தாண்டித் தாண்டி ஓடின. மூன்றாவது வேலியில் ஒரு குதிரை மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது.

சார் போனைத் தொடை மேல் கவிழ்த்தார்.

"அநியாயம்ப்பா. ஓடறது பத்தாதுன்னு வேலியையும் தாண்டுங்கிறான்."

"தாண்டறது குதிரெக்கு குஷி சார்" என்றார் புட்டராஜு. லாயத்தில் குதிரைக்காரராகவே முடி நரைத்தவர். கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் வந்துவிட்டது. "லாயத்து கேட்டைத் தாண்டி ஓடின குதிரெ எத்தனை புடிச்சிருக்கேன் நான். அதுக்கெல்லாம் யாரு சாட்டை காட்டினா?"

"அது புல்லுக்குத் தாண்டிச்சு. இது பெட்டிங்குக்குத் தாண்டுது."

"நீங்க பெட்டு கட்டறதில்லையா?"

"கட்டறேன். அது சரின்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

சார் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசை. பந்தய நாளில் கையில் பந்தயப் புத்தகம், காதில் பென்சில். இரண்டையும் ஒரே ஒழுங்கோடு செய்வார்.

நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். நான் எப்போதும் டீ வாங்கிக் கொடுக்கிறவர் பக்கம்.

ஒரு காலத்தில் அந்த பெஞ்சில் இடம் கிடைக்காது. நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு, நின்றுகொண்டே சண்டை போடுவோம். எந்தக் குதிரை இருமியது, எந்த ஜாக்கி காலையில் சாப்பிடாமல் வந்தான், எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பந்தயக் காசுக்கு வரி ஏறியது, பாதி பேர் வரவில்லை. அப்புறம் போன் வந்தது, மீதியும் போனது. இப்போது பையன்கள் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கிரிக்கெட்டுக்குக் கட்டுகிறார்கள். ஜெயித்தால் கட்டிப்பிடிக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. தோற்றால் திட்டவும் ஆள் கிடையாது. அதில் என்ன ருசி?

நாலம்மா

எங்கள் மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டி வைத்தது ஒரு பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பந்தயப் புத்தகத்தில் அதன் பெயர் நீளமான இங்கிலீஷ். சார் ஒருவருக்குத்தான் வாயில் நுழையும். எப்போது ஓடினாலும் நாலாவதாக வருவதால் நாங்கள் வைத்த பெயர் நாலம்மா.

மூன்றாவதுக்குள் வந்தாலாவது கட்டின காசுக்கு ஏதாவது திரும்பும். நாலாவதுக்கு ஒன்றும் கிடையாது. அப்படியிருந்தும் நாங்கள் அதன் மேலேயே கட்டினோம். ஒவ்வொரு தடவையும் கடைசி வளைவில் மூன்றாவது குதிரையின் வாலை முகர்ந்துகொண்டே வரும். சார் எழுந்து நின்று, "வா தாயே, வா தாயே" என்பார். தாய் நாலாவதாக வருவாள்.

வயசானதும் பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த குதிரைகள் எங்கே போகும் என்பதை ரேஸ் பார்க்கிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. நாங்களும் யோசித்ததில்லை. ஊருக்கு வெளியே ஒரு சவாரிப் பள்ளி வைத்திருந்த கேப்டன் ஒருவர் நாலம்மாவை வாங்கிக்கொண்டார் என்று புட்டராஜு சொன்னபோதுதான் நிம்மதியாக மூச்சு விட்டோம். கேப்டன் குடகுக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், மீசையில் ஒரு முடி வரிசை மாறாது.

போனில் குதிரை விழுந்த அன்று காலை அந்தக் கேப்டனே ஜீப்பை நிறுத்திவிட்டு பெஞ்சுக்கு வந்தார். புட்டராஜுவை அவருக்கு முன்பே தெரியும்.

"நம்ம ஆண்டு விழால ஒரு ஜம்பிங் ரேஸ் வெக்கறேன். நாலு குதிரை. உங்க நாலம்மாவும் உண்டு."

"தாண்டுவாளா?" என்று கேட்டார் சார்.

"தாண்டணும். என்கிட்ட தீனி போட்டு சும்மா நிறுத்தி வெக்க வசதி இல்ல சார். பிள்ளைகளுக்கு ஜம்பிங் சொல்லிக் கொடுக்கற குதிரைதான் எனக்கு வேணும். இவ தாண்டலைன்னா, கல்யாண ஊர்வல சாரட்டு வண்டிக்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்."

கல்யாண சாரட்டு தெரியும் எங்களுக்கு. பேண்டு சத்தம், பட்டாசு, தார் ரோடு, மணிக்கணக்கில் நிற்பது. பந்தயக் குதிரைக்கு அது ஆகாது.

"தடை யார் கட்டறது?" என்று கேட்டேன்.

"இரும்பு ஸ்டாண்டு சொல்லிருக்கு. விலை கேட்டா தலை சுத்துது."

"இரும்பு எதுக்குங்க? மூங்கில்ல நான் கட்டறேன். மைசூர்ல என்னைவிட்டா யாரு?"

இறுக்கியது யார்

கேப்டன் எனக்குத் தெளிவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"லூஸாக் கட்டணும் மாதையா. மேல் கம்பு, குதிரை கால் பட்டா விழணும்."

"ஆகட்டுங்க."

மூன்று தடைகள். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, நடுவில் சவுக்குத் தழை செருகி, மேலே குறுக்குக் கம்பு. வெள்ளையும் சிவப்பும் பூசி முடித்தபோது கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. கேப்டன் வந்து மேல் கம்பை ஆட்டிப் பார்த்தார். ஆடியது. சரி என்று போய்விட்டார்.

வெயில் சாய்ந்த நேரம் சாமான் எடுக்கத் திரும்பப் போனேன். மைதானத்தில் யாரும் இல்லை. லேசாகக் காற்று. என் மூன்று தடைகளிலும் மேல் கம்பு லொட லொட என்று ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயசில் ஒரு கட்டு ஆடியதற்காக என் மேஸ்திரி கயிற்றாலேயே முதுகில் வைத்தார். அதே ஆட்டத்துக்காக எத்தனை பேரை நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன்! நாளைக்கு நாலு பேர் வந்து, இதை யார் கட்டியது என்று கேட்டு, மாதையன் என்று பதில் வந்தால்? கை தானாகப் போனது. ஆறு முனையையும் சுற்றி இழுத்து, முழங்கால் கொடுத்து இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது எனக்கு.

மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் பார்க்கப் போனோம். சவாரி சொல்லித் தருகிற பவித்ரா என்ற பெண் நாலம்மா மேல் ஏறியிருந்தாள். முதல் தடைக்கு நாலம்மா அழகாக வந்தாள். எழும்பினாள். முன்னங்கால் மேல் கம்பில் பட்டது.

கம்பு அசையவில்லை.

நாலம்மா முழங்கால் மடிந்து, கழுத்துக் குப்புற விழுந்தாள். பவித்ரா அவளுக்கும் முன்னால் போய் மண்ணில் உருண்டாள். புட்டராஜு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

பவித்ராவுக்கு மணிக்கட்டு பிசகியது. நாலம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தோல் கிழிந்து ரத்தம். எழுந்து நின்று நடுங்கினாள். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அத்தனை வேகத்தில் அத்தனை பெரிய குதிரை மோதியும் என் கட்டு நின்றது என்பதுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுத வந்தபின் இதை மட்டும் எப்படி விடுவது?

சொல்லாத நாட்கள்

முட்டிக் காயம் சீக்கிரம் ஆறியது. ஆனால் தடையைக் கண்டால் நாலம்மா பத்தடி தள்ளியே நான்கு கால்களையும் ஊன்றிவிட்டாள். தட்டிக் கொடுத்தாலும் சரி, வெல்லம் காட்டினாலும் சரி, ஒரு அடி நகரமாட்டாள்.

"அவளுக்கு அந்த மனசு இல்ல. சில குதிரைக்கு அது வராது" என்றார் கேப்டன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் சார்.

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். ஆறிப்போன டீ.

ஒரு நாள் காலை புட்டராஜு வந்து உட்காராமலே சொன்னார். "சாரட்டுக்காரன் நேத்து வந்தான். வாயைத் திறந்து பல்லு பார்த்தான். ஆண்டு விழா முடிஞ்சதும் ஓட்டிட்டுப் போறானாம். கேப்டன் ஹூம், சரின்னுட்டார்."

நான் டம்ளரை வைத்தேன்.

"புட்டண்ணா, அந்தக் கம்பை இறுக்கினது நான்."

"கம்பா?"

"சாயங்காலம் திரும்பப் போய் இறுக்கிட்டேன்."

"யாக்கப்பா?" என்றார். ஏன் என்று அர்த்தம்.

"ஆடிச்சு."

புட்டராஜு அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். "மாதையண்ணா, பந்தலுக்குள்ள ஜனம் உக்காரும், அதனால நிக்கணும். இதுக்குள்ள யாரு உக்காரப் போறா?"

சார் எழுந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். "ஏறுப்பா. கேப்டன்கிட்டயும் இதையே சொல்லு. ஆடிச்சுன்னு சொல்லு."

சொன்னேன். கேப்டன் மீசை முதல் தடவையாக வரிசை மாறியதைப் பார்த்தேன்.

"நான் லூஸ்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அந்தப் பொண்ணு கழுத்து போயிருக்கும்."

"ஆமாங்க."

வைக்கோல் வாசனை மட்டும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டேன். "அவளுக்கு மனசு இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க. விழற மாதிரி ஒண்ணு கட்டித் தர்றேன். விழா வரைக்கும் டைம் குடுங்க."

"பத்து நாள்தான் இருக்கு" என்றார்.

பூக்கடை வேலுச்சாமி

விழுகிறாற்போலக் கட்டுவது எனக்குத் தெரியாது. கொஞ்சம் தளர்த்தினால் காற்றுக்கே விழுந்தது. கொஞ்சம் இறுக்கினால் நான் ஏறி நின்றாலும் விழவில்லை. நடுவில் ஒன்று என் கைக்கு வரவே இல்லை.

ஒரே ஒருத்தனுக்குத் தெரியும். வேலுச்சாமி. ஹனூரிலிருந்து சின்னப் பையனாக என்னிடம் வேலைக்கு வந்தவன். தோரணத்தைக் கயிற்றில் கட்டாமல் வாழைநாரில் கட்டுவான். விழா முடிந்ததும் ஒரு இழுப்பு, கையோடு வந்துவிடும். வேலை மிச்சம் என்பான். என் பந்தலில் நாரா என்று அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். இப்போது தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை, கல்யாண அலங்காரம், ஆறேழு ஆட்கள்.

போனேன். மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அடடே, மேஸ்திரி! வாங்க. பந்தல் கிந்தல் விழுந்திருச்சுங்களா?"

"விழமாட்டேங்குதுடா. அதான் வந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான், சிரித்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தான்.

"நார்க்காரன்னு தொரத்துனீங்களே!"

"தொரத்தினேன். இப்ப சொல்லிக் குடு."

"ஃபீஸுங்க?"

"உன்னைத் தொரத்தலைன்னா நீ இந்நேரம் எனக்குக் கம்பு தூக்கிட்டிருப்ப. அதுதான் ஃபீஸ்."

"அதுஞ்சரிதானுங்க" என்று நாரை எடுத்து நனைத்தான். கூடைக் கம்பு ஒன்றை ஆணியில் சாத்தி, நாரை ஒரு சுற்று விட்டு முடிந்தான். ஊதினான், நின்றது. விரலால் தட்டினான், நாரோடு விழுந்தது. "ஒரு பிரிதானுங்க, ஒத்தை இழை, அதான் கணக்கு. ரெண்டு பிரி போட்டா யோசிச்சு விழும். மூணு போட்டீங்கன்னா உங்க கட்டாயிரும்."

என் மேஸ்திரிக்குப் பிறகு, எழுபது வயசுக்குப் பக்கத்தில் அன்றைக்குத்தான் ஒருத்தனிடம் பாடம் கேட்டேன். வேலுச்சாமி நாருக்குக் காசு வாங்கவில்லை.

அவள் தள்ள, நான் கட்ட

புட்டராஜு சொன்னார்: "அவளுக்கு நம்பிக்கை போயிடுச்சு. இது விழும்னு அவளே பாக்கணும்." ஆகவே காலையில் மேலே ஆள் ஏற்றாமல், கயிறு பிடித்து மெள்ள நடத்திக்கொண்டு வந்தார். முழங்கால் உயரத்துக்கு ஒரே ஒரு கம்பு, ஒரு பிரி நாரில். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் மூக்கை நீட்டி முகர்ந்தாள். மூன்றாம் நாள் மூக்கால் தள்ளினாள். கம்பு தொப்பென்று விழுந்தது.

ஒத்திகையை விட்டுவிட்டால், என் கையால் கட்டியது முதல் தடவையாக என் கண் முன்னால் விழுகிறது. நாலம்மாவும் திடுக்கிட்டுக் காதை நிமிர்த்தினாள். நானும் அவளும் அந்தக் கம்பையே பார்த்தோம்.

"இன்னொரு தடவை கட்டுங்க" என்றார் புட்டராஜு.

கட்டினேன். தள்ளினாள். கட்டினேன். தள்ளினாள். அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்றே வந்து முட்டியால் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். "தள்ளு தாயே, தள்ளு" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். என்னிடம் வேலை பார்த்தவர்கள் யாராவது அதைக் கேட்டிருந்தால் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

கம்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. எட்டாம் நாள் பவித்ரா கட்டுப் போட்ட கையோடு வந்து ஏறினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அங்கிள், இன்னிக்கு சாயங்காலம் திரும்ப வருவீங்களா?"

"மாட்டேம்மா. சத்தியமா வீட்டை விட்டே இறங்கமாட்டேன்."

அன்று நாலம்மா தாண்டினாள்.

ஆண்டு விழா

ரேஸில் கட்டுகிற பழக்கம் எங்கே போகும்? தேவசகாயம் சார், அவள் விழாவில் தாண்டமாட்டாள் என்று மசால் தோசைக்குக் கட்டினார். நானும் புட்டராஜுவும் தாண்டுவாள் என்று. இதற்கு வரி கிடையாது.

பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், பலூன், மைக்செட். நாலு குதிரைகள் கிளம்பின. முதல் தடையை நாலம்மா தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவதில் பின்னங்கால் பட்டது. மேல் கம்பு உருண்டு கீழே விழுந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. நாலம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதை நிமிர்த்திக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தில் கை தட்டியது நான் ஒருத்தன்தான். விழுந்த கம்புக்குக் கை தட்டுகிறானே என்று பக்கத்தில் இருந்தவர் என்னை முறைத்தார்.

இல்லை, இன்னொருவரும் தட்டினார். தேவசகாயம் சார் எழுந்து நின்று, "வா தாயே, வா தாயே" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தாய் நாலாவதாக வந்தாள்.

சாரட்டுக்காரர் வெறும் கையோடு திரும்பினார். சார் தோசை வாங்கிக் கொடுத்தார். சட்னியைத் தொட்டபடி சொன்னார்: "அவ தாண்டினது சரி. தாண்டச் சொன்னது சரின்னு நான் இப்பவும் சொல்லலை." புட்டராஜு பதில் சொல்ல, அந்தச் சண்டை இன்றைக்கு வரை அதே பெஞ்சில் நடக்கிறது. நாலம்மா இப்போதும் பள்ளியில்தான் இருக்கிறாள். இரும்பு ஸ்டாண்டு வாங்கும் வசதி வந்தபிறகும் கேப்டன் வாங்கவில்லை. இன்றும் அங்கே மூங்கிலும் ஒரு பிரி நாரும்தான்.

இப்போது நான் கேட்பது

போன மாதம் சவாரிப் பள்ளியின் இந்த வருஷ விழா மலர் ஒன்று என் கைக்கு வந்தது. வழவழ தாள், எல்லாம் இங்கிலீஷ். பேத்தியிடம் கொடுத்து ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொன்னேன். மைக்செட்காரருக்கு நன்றி, ஐஸ்கிரீம்காரருக்கு நன்றி, கொள்ளு கொடுத்தவருக்குப் படத்தோடு நன்றி. தடைகளுக்கு என்ன போட்டிருக்கிறது? "தடைகள்: தன்னார்வலர்கள்."

யார் அந்தத் தன்னார்வலர்கள்? அவர்களைக் கொண்டுவந்து என் முன்னால் ஒரு கம்பு கட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கேப்டன் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கேயே கேட்கிறேன். அடுத்த மலரில் "தடைகள்: கொள்ளேகால் மாதையன்" என்று போட வேண்டும். கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் "நார்: வேலுச்சாமி" என்றும் போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. நாலம்மாவை விழவைத்த கட்டும் என் கட்டுதான் என்று போடுவதானால் போடுங்கள். அதற்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைப் போட்டு மற்றொன்றை விடக் கூடாது.

நான் கட்டி நின்ற பந்தல் அத்தனையும் மறுநாளே பிரித்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. கும்பாபிஷேகப் பந்தலைக் காட்டு என்றால் நான் எதைக் காட்டுவேன்? நாலம்மா தட்டிவிடுகிற அந்த ஒரு கம்புதான் தினமும் காலையில் மறுபடி கட்டப்படுகிறது. அதற்காவது என் பெயரைப் போடுங்கள்.